ஒரே முறை திறக்கும் கதவு

தென் கொரியாவில் அரசின் புள்ளியியல் துறை மாதாமாதம் மாதிரிக் குடும்பங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வேலைக்குப் போனேன், வீட்டு வேலை பார்த்தேன், குழந்தையைக் கவனித்துக்கொண்டேன், படித்தேன், உடம்புக்கு முடியவில்லை என்று ஒவ்வொரு பதிலுக்கும் தனிக் கட்டம் உண்டு. எதிலும் அடங்காதவர்களுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்: 'ஓய்வில் இருந்தேன்'. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், 'சும்மாதான் இருக்கேன்'.

2025 பிப்ரவரியில், 15 முதல் 29 வயதுக்குள் அந்தக் கட்டத்தில் விழுந்தவர்கள் 5,04,000 பேர். இந்தக் கணக்கு 5 லட்சத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. ஆனால் 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் அந்நாட்டு இளைஞர் வேலையின்மை விகிதம் 6 சதவீதத்துக்கும் சற்றுக் கீழேதான் இருந்தது. பல ஐரோப்பிய நாடுகள் பொறாமைப்படும் எண் அது.

இரண்டு எண்களும் உண்மை. உலகெங்கும் புழங்கும் வரையறைப்படி, வேலை இல்லாதவரெல்லாம் 'வேலையற்றவர்' ஆகிவிட மாட்டார். கடந்த நான்கு வாரங்களுக்குள் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் உடனே போகத் தயாராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போய் ஒருவர் கணினியை மூடி வைத்துவிட்டால் அவர் வேலையற்றோர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். விகிதம் இறங்கும். அமைச்சர் அறிக்கை விடுவார். அந்தப் பையன் அறைக்குள்ளேதான் இருப்பான்.

கிழக்காசிய இளைஞர் வேலையின்மை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் 'சும்மா' கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. வேலை கிடைக்காமல் தேடுவது ஒரு நிலை. தேடுவதையே விட்டுவிடுவது வேறொரு நிலை. முதலாவது இரண்டாவதாக மாறும் வழி ஜப்பான், கொரியா, சீனா மூன்றிலும் ஏறத்தாழ ஒரே தடத்தில் போகிறது.

சீனாவின் புள்ளிவிவரக் கதையை முதலில் சொல்லிவிடலாம். 2023 ஜூனில் அந்நாட்டு நகரங்களில் 16 முதல் 24 வயது வரையிலானவர்களின் வேலையின்மை 21.3 சதவீதம் என்று அறிவித்தார்கள். அதுவரை காணாத உச்சம். ஆகஸ்டில் அடுத்த எண் வரவேண்டிய நாளில், கணக்கிடும் முறையை மேம்படுத்த வேண்டியிருப்பதால் வெளியீட்டை நிறுத்திவைக்கிறோம் என்றது தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2024 ஜனவரியில் எண் திரும்பி வந்தபோது மாணவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். 2023 டிசம்பருக்கான புதிய விகிதம் 14.9 சதவீதம். அந்தப் புதிய முறையிலும் 2024 ஆகஸ்டில் 18.8க்கு ஏறியது. கோடையில் பட்டம் வாங்கிய கூட்டம் சந்தைக்குள் வரும் மாதம் அது. ஒவ்வோர் ஆண்டும் அப்போது ஏறும்.

எண்ணை நிறுத்தியதைவிடச் சுவாரசியமான கணக்கு ஒன்று அதற்கு முன்பே வந்திருந்தது. 2023 நடுவில் அந்த அலுவலகமே கொடுத்த விவரப்படி, நகரங்களில் அந்த வயதினர் சுமார் 9.6 கோடி. அதில் வேலை பார்ப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து 3.3 கோடி. வேலையில் இருந்தவர்கள் 2.6 கோடிக்கு மேல். தேடிக் கிடைக்காதவர்கள் 60 லட்சத்துக்கு மேல். மீதி 6 கோடிப் பேரும் மாணவர்களா? இல்லை. பெய்ஜிங் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாங் தண்தண் அந்த ஆண்டு ஜூலையில் எழுதிய கட்டுரையில், படிக்கவும் செய்யாமல் வேலையும் தேடாமல் இருப்பவர்கள் சுமார் 1.6 கோடி என்று எடுத்துக்காட்டினார். அவர்களையும் சேர்த்தால் மார்ச் மாத விகிதம் 46.5 சதவீதம் வரை போகும் என்றார். கட்டுரை இணையத்திலிருந்து சீக்கிரமே நீக்கப்பட்டது. அவர் கணக்கு உச்சபட்ச மதிப்பீடு. எல்லோரையும் வேலையற்றவர் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அந்த 1.6 கோடிப் பேர் எங்கோ இருக்கத்தான் செய்தார்கள். பெரும்பாலும் அப்பா அம்மா வீட்டில்.

இளைஞர்கள் ஏன் தேடுவதை விடுகிறார்கள்? சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்து வளர்த்தது, கைப்பேசி என்று பதில்களைப் பெரியவர்கள் தயாராக வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் 1990களின் பிற்பாதியிலேயே இந்தப் பல்லவி தொடங்கிவிட்டது. ஜப்பானைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மற்ற இருவருக்கும் அது முன்னோட்டம் என்பதால்.

ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் முறை நம் ஊர் வளாக நேர்காணலைவிடப் பல மடங்கு இறுக்கமானது. கல்லூரி இறுதியாண்டில் இருக்கும்போதே தேர்வு நடக்கும். ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குவார்கள். தேர்வானவருக்கு 'நைதெய்' என்னும் முன்னுறுதி கிடைக்கும். ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் பணியில் சேர்வார்கள். என்ன படித்தார் என்பது பெரிதல்ல. வேலையை நிறுவனமே சொல்லிக்கொடுக்கும், படிப்படியாக உயர்த்தும், ஓய்வு வரை வைத்துக்கொள்ளும். அவர் அந்த ஆண்டுப் புதுப் பட்டதாரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே ஆள் அதே மதிப்பெண்ணோடு வந்தால் அவர் 'பழைய பட்டதாரி'. அதனால்தான் முன்னுறுதி கிடைக்காத மாணவர்கள் வேண்டுமென்றே ஓராண்டு கூடுதலாகக் கட்டணம் கட்டிக் கல்லூரியிலேயே தங்கிவிடும் வழக்கம் அங்கே உண்டு. பட்டம் வாங்கிவிட்டால் காலாவதி ஆகிவிடுவோமே என்ற பயம்!

பொருளாதாரம் வளரும்வரை இது அருமையான ஏற்பாடு. 22 வயதில் கதவு திறக்கும், உள்ளே போய்விட்டால் வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை. 1991இல் பட்டம் பெற்றவர்களில் தனியார் வேலை தேடிய ஒவ்வொருவருக்கும் 2.86 வேலைகள் காத்திருந்தன என்கிறது ரெக்ரூட் என்னும் ஆள்தேர்வு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. அதன் பிறகு நிலம், பங்கு இரண்டிலும் ஊதியிருந்த குமிழி உடைந்தது. 2000ஆம் ஆண்டுப் பட்டதாரிகளுக்கு அதே எண் 0.99.

நிறுவனங்களுக்குச் செலவைக் குறைக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற முடியாது. வாழ்நாள் வேலை என்பது வெறும் பழக்கம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆட்குறைப்புக்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருந்தன. எனவே எளிய வழியைப் பிடித்தார்கள்: புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 50 வயது அப்பாவின் வேலையைக் காப்பாற்றிய விலையை அவருடைய 22 வயது மகன் கொடுத்தான். இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் சங்கடம். அப்பா சம்பளம் வாங்கியதால்தான் மகன் வீட்டில் சோறு சாப்பிட முடிந்தது.

1993 முதல் ஏறத்தாழ 2004 வரை பள்ளி, கல்லூரிப் படிப்பை முடித்தவர்களை 'வேலை உறைபனிக் காலத் தலைமுறை' என்கிறார்கள் ஜப்பானில். ஏறக்குறைய 1.7 கோடிப் பேர். எல்லோரும் வேலையில்லாமல் போகவில்லை. பகுதி நேரம், ஒப்பந்தம், ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக நாள் கூலி என்று ஏதாவது ஒன்றில் நுழைந்தார்கள். 1999இல் அத்தகைய ஒப்பந்த முறை பெரும்பாலான தொழில்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2004இல் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கும் வந்தது. 2008 நிதி நெருக்கடியில் முதலில் கழற்றிவிடப்பட்டவர்கள் அவர்களே. வேலையோடு நிறுவன விடுதியில் கிடைத்த படுக்கையும் போனது. அந்த ஆண்டுக் கடைசியில் தோக்கியோவின் ஹிபியா பூங்காவில், தொழிலாளர் அமைச்சகத்துக்கு எதிரிலேயே, தொண்டு அமைப்புகள் கூடாரம் அடித்து அவர்களுக்குக் கஞ்சி ஊற்றின.

பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்தபோது நிறுவனங்கள் மீண்டும் ஆள் எடுத்தன. யாரை? அந்தந்த ஆண்டுப் புதுப் பட்டதாரிகளை. 30 வயதைத் தொட்டுவிட்ட பழையவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தாண்டு பகுதி நேர வேலை பார்த்தவருக்கு 'அனுபவம்' என்று எழுதிக்காட்ட ஒன்றும் இல்லை. நெருக்கடி முடிந்தும் நெருக்கடியில் மாட்டியவர்கள் மீளாத நாடு அது. 2019இல் ஹியோகோ மாகாணத்தின் தகாராசுகா நகராட்சி, இந்தத் தலைமுறைக்கென்றே மூன்று எழுத்தர் இடங்களை அறிவித்தது. 1,800க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கடைசியில் நான்கு பேரை எடுத்தார்கள்.

முதலில் இவர்களுக்கு வைத்த பெயர் 'ஃப்ரீட்டர்', சுதந்திரமாகப் பகுதி நேர வேலை செய்பவர் என்ற பொருளில். 1980களின் கடைசியில் அது கொஞ்சம் பெருமையான சொல்கூட. பிறகு பெற்றோர் வீட்டில் தங்கிவிட்டவர்களை 'ஒட்டுண்ணித் தனியர்' என்றார்கள். 2004 வாக்கில் பிரிட்டனிலிருந்து 'நீட்' என்ற சொல் இறக்குமதியானது: படிப்பிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லாதவர். (நம் ஊர் 'நீட்' வேறு, அதனால் படிப்பில் இடம் கிடைக்காமல் போனவர்களுக்கு இந்த ஒலி ஒற்றுமை கசக்கலாம்.) பெயர் மாற மாறப் பழி கூடிக்கொண்டே போனதைக் கவனிக்கலாம். பிரிட்டனில் அந்தச் சொல் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைக் குறித்தது. ஜப்பானில் 34 வயது வரை இழுத்தார்கள். வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்காததால், 'வீட்டுக்கு உதவியாக இருக்கிறாள்' என்று சொல்லப்பட்ட பெண்கள் கணக்கிலேயே வரவில்லை.

அந்த விடுதலின் விளைவு பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. வீட்டைவிட்டு, சிலர் அறையைவிட்டே, மாதக்கணக்கில் வெளியே வராதவர்களை 'ஹிகிகொமோரி' என்கிறார்கள். மனநல மருத்துவர் சைத்தோ தமாகி 1998இல் இதைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தார். வெகுகாலம் இது இளைஞர் பிரச்சினை என்றே நினைத்தார்கள். அரசின் ஆய்வும் 39 வயதோடு நின்றது. 2019இல் முதல் முறையாக 40 முதல் 64 வயதினரைக் கணக்கெடுத்தபோது 6,13,000 பேர் என்ற மதிப்பீடு வந்தது. இளைஞர்களைவிட அதிகம்! 2023இல் வெளிவந்த ஆய்வில் 15 முதல் 64 வரை சேர்த்து சுமார் 14.6 லட்சம், அதில் 40 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். வீட்டுக்கு உதவியாக இருந்தவர்கள்தான் இவர்கள். எல்லா ஹிகிகொமோரியும் வேலைச் சந்தையால் உருவானவர் அல்லர். பள்ளியில் அடிபட்டவர்கள், நோயாளிகள், பல காரணங்கள். ஆனால் வேலையை விட்டதும், வேலை தேடி முடியாமல் போனதும் அவர்கள் சொன்ன காரணங்களில் முன்வரிசையில் இருந்தன.

இப்போது அங்கே '8050' என்றால் எல்லோருக்கும் புரியும். 80 வயதுப் பெற்றோர், அவர்களுடைய ஓய்வூதியத்தில் 50 வயதுப் பிள்ளை.

கொரியாவுக்கு அந்த இடி ஒரே நாளில் விழுந்தது. 1997 டிசம்பர் 3 அன்று அந்நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இன்றும் கொரியர்கள் அந்த நெருக்கடியை அந்த நிதியத்தின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். 1998இல் ஆட்குறைப்பையும் ஆள் அனுப்பும் ஒப்பந்த முறையையும் எளிதாக்கிச் சட்டம் வந்தது. அதன் பிறகு கொரிய வேலைச் சந்தை இரண்டு மாடிக் கட்டடம் ஆனது. மேலே சாம்சங், ஹூண்டாய், எல்ஜி, எஸ்கே போன்ற குழுமங்கள், வங்கிகள், பொதுத்துறை. கீழே சிறு, நடுத்தர நிறுவனங்கள். உழைப்பாளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கீழ் மாடியில். 2023 டிசம்பரில் பெரிய நிறுவன ஊழியரின் சராசரி மாத வருமானம் 59.3 லட்சம் வொன், சிறு நடுத்தர நிறுவன ஊழியருக்கு 29.8 லட்சம் வொன். கிட்டத்தட்டச் சரிபாதி. கீழே சேர்ந்துவிட்டு மேலே ஏறுவது அரிது. படிக்கட்டு கிடையாது.

இப்போது ஒரு கொரியப் பட்டதாரியின் இடத்தில் நின்று கணக்குப் போடுங்கள். சிறு நிறுவன வேலை கையில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் மேல் மாடிக்கான வாய்ப்பு ஏறத்தாழ முடிந்தது. ஓராண்டு காத்திருந்து, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், சான்றிதழ், பயிற்சி அனுபவம் எல்லாம் சேர்த்து மீண்டும் முயன்றால்? மேலே இடம் கிடைத்தால், இழந்த ஓராண்டுச் சம்பளத்தைச் சேர்ந்த சில ஆண்டுகளில் மீட்டுவிடலாம். அதற்கு மேல் எல்லாம் லாபம். காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். 25 முதல் 34 வயதுக்குள் 70 சதவீதம் பேர் உயர்கல்வி முடித்த நாட்டில் எல்லோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அதனால் ஒவ்வொருவரும் சேர்க்கும் தகுதிகளுக்கு மதிப்பு இறங்குகிறது. இந்தத் தகுதிப் பட்டியலை அவர்கள் 'ஸ்பெக்' என்கிறார்கள். கருவிகளின் விவரப் பட்டியலுக்குச் சொல்லும் அதே சொல்! தன்னையே கைப்பேசி விளம்பரம் போல எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும் தலைமுறை அது.

கீழ் மாடி காலியாகவா இருக்கிறது? இல்லை. இலங்கை வாசகர்களுக்கு இது தெரிந்த கதை. 2004இல் கொரியா தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் பல ஆசிய நாடுகளிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அதில் இலங்கையும் ஒன்று. கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறி, சிறு தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் போகிறார்கள். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய இடங்கள் 1,65,000. ஒரு பக்கம் 4 லட்சத்துக்கு மேற்பட்ட உள்நாட்டு இளைஞர்கள் 'ஓய்வில்', மறுபக்கம் ஆள் பற்றாக்குறை. சொகுசு பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பாருங்கள், இலங்கையிலிருந்து போகிறவருக்கு அந்த வேலை சில ஆண்டுச் சம்பாத்தியம், ஊரில் ஒரு வீடு. கொரிய இளைஞருக்கு அதே வேலை வாழ்நாள் முழுக்க எந்த மாடியில் இருப்போம் என்ற தீர்ப்பு.

காத்திருக்கும் இடமாகவே ஒரு பேட்டை இருந்தது. தலைநகர் சியோலின் நொரியாங்ஜினில் அரசுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறைகளில் தங்கி, தெருவில் காகிதக் கோப்பையில் விற்கும் சோற்றை நின்றபடி சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையங்கள் இருக்கும் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2011இல் கடைநிலை எழுத்தர் தேர்வில் ஓர் இடத்துக்கு 93 பேர் போட்டியிட்டார்கள். 2024இல் அது சுமார் 22 ஆக இறங்கிவிட்டது. சம்பளம் போதாது, ஓய்வூதியம் குறைந்தது, மனு கொடுக்க வருகிறவர்களிடம் திட்டு வேறு. காத்திருப்போர் அறை காலியாகத் தொடங்கியதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். அதே ஆண்டுகளில்தான் 'ஓய்வில் இருந்தேன்' கட்டம் நிறைந்தது.

இந்தப் போட்டி மனத்துக்குள் என்ன செய்கிறது என்பதற்கு 2020 ஜூனில் நடந்ததைச் சொல்லலாம். இஞ்சியோன் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்யும் 1,900 ஒப்பந்த ஊழியர்களை நேரடி ஊழியர்களாக்குவதாக நிர்வாகம் அறிவித்தது. நாட்டின் இளைஞர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும், கொதித்தார்கள். நாங்கள் ஆண்டுக்கணக்கில் படித்துத் தேர்வுக்குக் காத்திருக்கிறோம், இவர்கள் தேர்வு எழுதாமல் எப்படி உள்ளே வரலாம் என்று லட்சக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. இன்னொருவருக்கு நிரந்தர வேலை கிடைப்பதே தனக்கு இழைக்கப்படும் அநீதியாகத் தெரியும் அளவுக்குக் கதவு குறுகிப்போயிருந்தது.

இதற்கிடையில் கதவின் வடிவமும் மாறிவிட்டது. கொரியக் குழுமங்கள் ஆண்டுக்கு இருமுறை நடத்திய பொதுத் தேர்வு முறையை ஒவ்வொன்றாகக் கைவிட்டன: ஹூண்டாய் மோட்டார் 2019இல், எல்ஜி 2020இல், எஸ்கே 2022இல். முதல் ஐந்து குழுமங்களில் சாம்சங் மட்டும் 1957இல் தொடங்கிய பழக்கத்தை விடவில்லை. மற்றவர்கள் தேவைப்படும்போது, தேவைப்படும் துறைக்கு, அனுபவசாலிகளாகப் பார்த்து எடுக்கிறார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். முட்டுச்சந்து. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஓய்வில் இருக்கும் இளைஞர்கள் வேலைக்கே போகாதவர்கள் என்று நினைப்பது தவறு. சமீப ஆண்டுகளில் கூடியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலை பார்த்துவிட்டு விட்டவர்கள் என்று கொரிய மத்திய வங்கியின் ஆய்வே காட்டியது. கீழ் மாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

சீனாவின் கதை அளவில்தான் பெரிது. 1998இல் அந்நாட்டுக் கல்லூரிகள் சேர்த்துக்கொண்டவர்கள் சுமார் 10.8 லட்சம். 1999இல் ஒரே பாய்ச்சலில் 16 லட்சம் அளவுக்கு உயர்த்தினார்கள். ஆசிய நிதி நெருக்கடி, அரசு ஆலைகளில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். குடும்பங்கள் சேமிப்பை எடுத்துப் படிப்புக்குச் செலவிட்டால் சந்தை ஓடும், இளைஞர்கள் வேலை கேட்டு வருவதும் சில ஆண்டு தள்ளிப்போகும் என்ற யோசனை அதில் இருந்தது. அதாவது கல்லூரியே ஒரு காத்திருப்போர் அறையாகத்தான் விரிந்தது. 2025இல் அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர்கள் 1.22 கோடிப் பேர்.

இவர்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த தொழில்கள் நான்கைந்துதான்: இணைய நிறுவனங்கள், தனிப்பயிற்சி, வீட்டுமனை, நிதி. 2020 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு 'மூன்று சிவப்புக் கோடுகள்' போட்டார்கள். நவம்பரில் இணைய நிதி நிறுவனமான ஆன்ட்டின் பங்கு வெளியீட்டைக் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் பள்ளிப் பாடத் தனிப்பயிற்சியை லாபத்துக்கு நடத்தக் கூடாது என்று தடை. நியூ ஓரியன்டல் என்ற ஒரு பயிற்சி நிறுவனம் மட்டும் 60,000 பேரை வெளியே அனுப்பியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் சொன்னார். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் நியாயம் உண்டு. கடன் குமிழி உண்மை, பெற்றோரைப் பிழிந்த பயிற்சி வியாபாரமும் உண்மை. ஆனால் பட்டதாரிகள் நுழையும் வாசல்கள் எல்லாம் ஓராண்டு இடைவெளிக்குள் அடுத்தடுத்து சாத்தப்பட்டன. பொதுமுடக்கம் அதன் மேல் வந்து விழுந்தது.

தொழிற்சாலைக்குப் போகலாமே? 2025க்குள் முக்கிய உற்பத்தித் துறைகளில் 3 கோடிக்கு நெருக்கமாக ஆள் பற்றாக்குறை வரும் என்று அரசே முன்பு கணித்திருந்தது. பெற்றோர் அந்த வரிசையில் நின்று பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத்தான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், பிள்ளை அங்கே நிற்கக் கூடாது என்பதற்காக. 2023 தொடக்கத்தில் பட்டதாரிகள் இதைச் சொல்ல ஒரு பழைய கதையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தாளர் லூ சுன் 1919இல் வெளியிட்ட சிறுகதையில் கோங் யிஜி என்று ஒருவன் வருவான். கள்ளுக்கடையில் நீள அங்கி போட்ட கனவான்கள் உள்ளே உட்கார்ந்து குடிப்பார்கள். குட்டைச் சட்டைக் கூலிக்காரர்கள் வெளியே நின்று குடிப்பார்கள். நீள அங்கியோடு நின்று குடிப்பவன் கோங் யிஜி ஒருவன்தான். படித்தவன், தேர்வில் தேறாதவன், எந்தப் பக்கமும் சேராதவன். எங்கள் பட்டம் கழற்ற முடியாத அங்கி என்றார்கள் இளைஞர்கள். மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி பதில் சொன்னது: கோங் யிஜி கெட்டது படித்ததால் அல்ல, படித்தவன் என்ற தோரணையை விட முடியாததால்தான் என்று. இளைஞர்கள் இன்னும் கோபப்பட்டார்கள். அங்கியை மாட்டிவிட்டவர்கள் யார் என்று கேட்டார்கள். சரியான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

வேலை கிடைத்தவர்களின் நிலையும் கொண்டாட்டம் இல்லை. காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற '996' வழக்கம் சட்டவிரோதம் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் கூடுதலாக ஓடியும் யாரும் முன்னேறாத நிலையை 'நெய்ஜுவான்' என்றார்கள், உள்நோக்கிச் சுருண்டுகொள்வது. அதற்கு மறுமொழிதான் 2021 ஏப்ரலில் ஓர் இணையப் பதிவிலிருந்து கிளம்பிய 'தாங் பிங்', அதாவது நீட்டிப் படுத்துவிடுவது. ஆலை வேலையை விட்டுவிட்டு மிகக் குறைந்த செலவில் வாழ்ந்த ஒருவர், இதுவே நியாயமான வாழ்க்கை என்று எழுதினார். அரசு நாளிதழ்கள் வெட்கக்கேடு என்றன. சும்மா இருப்பதைச் சுகம் என்று பாடிய ஞானிகள் மரபு நமக்கும் உண்டு, சீனர்களுக்கும் உண்டு. ஆனால் இந்தப் படுக்கை ஞானத்தில் வந்ததல்ல. ஓடி என்ன ஆகும் என்ற கணக்கில் வந்தது.

ஓடுவதற்கும் வயது வரம்பு இருக்கிறது. சீனாவில் '35 வயதுச் சாபம்' என்பார்கள். தனியார் விளம்பரங்களில் 35க்குள் என்று வெளிப்படையாகவே போடுவார்கள். அரசுத் தேர்வும் 35 வரைதான் இருந்தது. கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்பார்கள். தனியார் துறை ஆடத் தொடங்கியதும் கூட்டம் கிண்ணத்தை நோக்கித் திரும்பியது.

ஆக மூன்று நாட்டிலும் ஒரே அமைப்பு. கதவு இளமையில் ஒரு முறை திறக்கிறது; எந்தக் கதவில் நுழைகிறோம் என்பது வாழ்நாளைத் தீர்மானிக்கிறது; தவறினால் திரும்பி வர வழி குறைவு. அப்படியிருக்கும்போது சரியான கதவுக்காகக் காத்திருப்பது இயல்பு. காத்திருக்கக் காத்திருக்க வயது ஏறுகிறது, விண்ணப்பத் தாளில் இடைவெளி விழுகிறது, காத்திருந்ததே தகுதிக் குறைவாகிறது. வெட்கம் சேர்கிறது. புத்தாண்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள், நண்பர்களின் திருமணத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள். தைவானில் நிலைமை இவ்வளவு இறுக்கம் இல்லை. அங்கே புண் வேறு: 2009 நெருக்கடியில் பட்டதாரிகளுக்கு மாதம் 22,000 தைவான் டாலர் கொடுத்துப் பயிற்சி வேலை தர அரசு மானியம் வழங்கியது, அதுவே பல முதலாளிகளுக்குத் தொடக்கச் சம்பளமாகிப்போனது, '22கே' வசைச்சொல்லாக நிலைத்தது.

இத்தனை காலம் காத்திருக்க யார் பணம் கொடுக்கிறார்கள்? அரசு இல்லை. வேலைக்கே போகாதவருக்கு வேலையின்மைக் காப்பீடு கிடையாது. வீடுதான் கொடுக்கிறது. வளர்ந்த காலத்தில் சம்பாதித்த பெற்றோர்களிடம் சொந்த வீடு இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, பிள்ளையோ ஒன்று அல்லது இரண்டு. சீனாவில் 2023 வாக்கில் 'முழுநேரப் பிள்ளை' என்றே ஒரு தொழில் பெயர் வந்துவிட்டது: சமைப்பது, கடைக்குப் போவது, தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பதிலுக்கு அப்பா மாதாமாதம் ஒரு தொகை. கேலியாகத் தொடங்கியதுதான். ஆனால் முதியோரைக் கவனிக்க ஆள் இல்லாத சமூகத்தில் அது வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்பாவின் ஓய்வூதியம் நிற்கும் நாளில் அந்தச் சம்பளமும் நிற்கும் என்பதுதான் வித்தியாசம். ஜப்பானின் 8050 வீடுகளில் அந்த நாள் வந்துகொண்டிருக்கிறது.

பிறப்பு குறைந்துவிட்டதே, ஆள் பற்றாக்குறையில் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஜப்பானில் புதியவர்களுக்குச் சரியாகித்தான் விட்டது. 2024 ஏப்ரலில் வேலை தேடிய புதுப் பட்டதாரிகளில் 98.1 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. நிறுவனங்கள்தான் இப்போது மாணவர்கள் பின்னால் ஓடுகின்றன. இந்தப் புதியவர்களைவிட இருபது ஆண்டு முன்னதாகப் பிறந்தது மட்டுமே குற்றமாகிப்போன உறைபனித் தலைமுறைக்காக 2025 ஏப்ரலில் அமைச்சர்கள் குழு ஒன்றைக் கூட்டினார்கள். மூத்தவர்களுக்கு 55 வயது நெருங்கியிருந்தது. வேலைவாய்ப்போடு அவர்களுடைய முதுமை வருமானமும் பேச வேண்டிய பொருளாகிவிட்டிருந்தது.

சீன அரசு 2025 அக்டோபரில் அரசுப் பணித் தேர்வின் வயது வரம்பை 35இலிருந்து 38ஆக உயர்த்தியது. கதவு இன்னும் மூன்றாண்டு திறந்திருக்கும். அந்த முறை விண்ணப்பித்துத் தகுதி ஏற்கப்பட்டவர்கள் 37 லட்சத்துக்கும் மேல். இடங்கள் 38,100.